தந்தை காட்டிய வழி

நுழையும்முன்
பெற்றோர் மக்களுக்கு விட்டுச்செல்லும் செல்வம் நிலமும் பொன்னும் மட்டுமன்று. அவர்கள் வாழ்ந்து காட்டிய நெறியும் செல்வமே. ஏட்டுச்சுவடிகளைத் தேடித் தொகுத்து அச்சேற்றிய உ.வே.சாமிநாதரை நாடறியும். அவரைத் தமிழின்பால் ஆற்றுப்படுத்திய தந்தையாரை அறிந்தோர் சிலரே. அத்தந்தையார் மகனுக்கு வழங்கிய கொடையை எடுத்துரைக்கிறது இப்பாடம்.

இசைவாணரின் இல்லம்
உ.வே.சாமிநாதர் 1855ஆம் ஆண்டு பிறந்தார். தந்தையார் ஊர் உத்தமதானபுரம். தந்தையார் வேங்கடசுப்பையர், கனம் கிருஷ்ணையரிடம் இசை பயின்றவர். இராமாயணக் கதையை இசையோடு எடுத்துரைப்பதில் வல்லவர். ஊர்தோறும் சென்று கதை சொல்லுவதும், இசையன்பர் மனமுவந்து அளிப்பதைப் பெறுவதுமே அவருடைய வாழ்க்கை. நிலையான வருவாய் இல்லை. ஆயினும், தாம் கொண்ட கலையைக் கைவிட்டு வேறு தொழில் நாட அவர் எண்ணவில்லை.

தம் மகனும் இசையில் சிறக்க வேண்டும் என்பதே அவருடைய பெருவிருப்பம். ஆதலால் தாமே இசை கற்பித்தார். மகனின் உள்ளமோ தமிழ்ப் பாடல்களில் தோய்ந்தது. அரியலூர்ச் சடகோப ஐயங்கார் ஊட்டிய தமிழ்ச்சுவை அவ்வேட்கையை வளர்த்தது. ஆங்கிலம் கற்றால் அலுவல் கிடைக்கும் என்று பிறர் கருதிய காலம் அது. தமிழ் மட்டும் கற்பவனுக்குப் பிழைப்பு எங்ஙனம் அமையும் என்னும் கவலை எந்தத் தந்தைக்கும் எழக்கூடியதே. எனினும், வேங்கடசுப்பையர் மகனின் நாட்டத்திற்குத் தடை விதிக்கவில்லை. அதனை நிறைவேற்றும் பொறுப்பைத் தாமே ஏற்றார்.

ஆசிரியரைத் தேடி
தமிழறிந்தோர் எங்குளர் எனக் கேட்டறிந்து, அங்கெல்லாம் மகனை அழைத்துச் சென்றார். குன்னத்தில் சிதம்பரம் பிள்ளையிடமும், காருகுடியில் கஸ்தூரி ஐயங்காரிடமும், செங்கணத்தில் விருத்தாசல ரெட்டியாரிடமும் சாமிநாதர் பாடம் கேட்டார். புராணமும் நன்னூலும் யாப்பிலக்கணமும் இவ்வாறு ஊருக்கு ஒன்றாக வந்து சேர்ந்தன. பிழைப்புக்காக ஊர் மாறுவோர் பலர். மகனின் கல்விக்காகத் தம் பிழைப்பையே இடம் மாற்றியவர் வேங்கடசுப்பையர்.

1871ஆம் ஆண்டு அவர் மகனை மாயூரத்திற்கு அழைத்துச் சென்று, மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் ஒப்படைத்தார். கற்க வருவோர் சிலகாலம் இருந்து இடையிலேயே சென்றுவிடுகின்றனர் என்னும் மனக்குறை அப்பேராசிரியருக்கு இருந்தது. ஆனால் சாமிநாதர், 1876இல் ஆசிரியர் மறையும் வரை அவரை நீங்காத மாணவராக விளங்கினார். தந்தையின் விருப்பப்படி மாயூரத்தில் கோபாலகிருஷ்ண பாரதியாரிடம் இசையும் பயிலத் தொடங்கினார். கவனம் சிதறுவதை ஆசிரியர் விரும்பாமையால் அப்பயிற்சி நின்றது. தந்தையின் நெடுநாள் கனவு அவ்வளவில் முடிந்தது. மகனின் தமிழ் வளர்ந்தது.

வழிவழி வந்த பண்பு
பிற்காலத்தில் சுவடிகளைத் தேடி ஊர் ஊராக அலைந்த சாமிநாதரிடம் தந்தையின் சாயலைக் காணலாம். நல்லாசிரியரைத் தேடித் தந்தை நடந்தார்; நல்லேட்டைத் தேடி மகன் நடந்தார். வறுமையிலும் கலையைக் கைவிடாத தந்தையின் உறுதியே, பொருள்முடையிலும் பதிப்புப் பணியைக் கைவிடாத மகனின் உறுதியாயிற்று. 1887இல் சீவக சிந்தாமணியும், 1892இல் சிலப்பதிகாரமும், 1894இல் புறநானூறும் அவ்வுறுதியின் பயனாக வெளிவந்தன.

தந்தை விரும்பிய இசையையும் மகன் மறக்கவில்லை. தந்தையின் ஆசிரியரான கனம் கிருஷ்ணையரின் வரலாற்றையும் கோபாலகிருஷ்ண பாரதியாரின் வரலாற்றையும் நூலாக எழுதினார். பாடகராகச் செய்ய இயலாத கைம்மாற்றை எழுத்தாளராகச் செய்து முடித்தார்.

தம் விருப்பத்தை மகன்மேல் சுமத்தாமல், மகனின் விருப்பத்தைத் தாம் சுமந்தவர் வேங்கடசுப்பையர். அச்சுமையின் பயனைத் தமிழுலகம் இன்றும் துய்க்கின்றது.

தெரிந்து தெளிவோம்
உ.வே.சா.வுக்குப் பெற்றோர் இட்ட பெயர் வேங்கடராமன். வீட்டில் வழங்கிய சாமிநாதன் என்னும் பெயரையே ஆசிரியர் மீனாட்சிசுந்தரம் பிள்ளை விரும்பி வழங்கினார். அதுவே நிலைபெற்றது.

கற்பவை கற்றபின்
1. உம் கல்விக்காகக் குடும்பத்தினர் விட்டுக்கொடுத்தவற்றைக் கேட்டறிந்து ஒரு பக்க அளவில் எழுதுக.
2. ‘பிள்ளைகளின் எதிர்காலத்தைத் தீர்மானிப்பது பெற்றோரின் விருப்பமா, பிள்ளைகளின் நாட்டமா?’ என்னும் தலைப்பில் வகுப்பில் கலந்துரையாடுக.