கப்பலேறிப் போன நூலகர் என்ன கொண்டுவந்தார்?

கீழ்க்கட்டளையில் வீடு வைத்திருக்கும் பலர் தாம்பரம் மாநகராட்சிக்கான சொத்து வரியைச் செல்போனிலேயே கட்டிவிடுகிறார்கள். அதோடு நூலக வரியும் சேர்ந்தே வசூலாகிறது என்பது எத்தனை பேருக்குத் தெரியும்? சொத்து வரியில் ரூபாய்க்கு 10 காசு. ஆக, பக்கத்துத் தெரு கிளை நூலகம் யாரோ செய்யும் தருமம் இல்லை. நாம காசு கொடுத்து நடத்துற சேவை. இந்த ஏற்பாட்டுக்குப் பின்னால் ஒரு நூலகரின் வெளிநாட்டுப் படிப்புப் பயணம் இருக்கிறது.

கணக்கு வாத்தியார் நூலகரானார்

எஸ்.ஆர். ரங்கநாதன் 1892-இல் சீர்காழியில் பிறந்தவர். சென்னை மாநிலக் கல்லூரியில் கணிதம் கற்பித்தவர். 1924 ஜனவரியில் சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதல் நூலகராகச் சேர்ந்தார். சில நாள்களிலேயே அலுத்துப்போனது. பழைய வேலைக்கே போய்விடலாம் என்று நினைத்தார். ஆனாலும் அந்த ஆண்டே லண்டன் யூனிவர்சிட்டி காலேஜுக்கு நூலகப் படிப்புக்காகப் போனார். குராய்டன் நகர நூலகத்தின் தலைவரான பெர்விக் சேயர்ஸ் அவருக்கு ஆசிரியராக அமைந்தார். அவருடைய ஊக்கத்தில் ரங்கநாதன் அங்குள்ள பல நூலகங்களை நேரில் சுற்றிப் பார்த்தார்.

அங்கே பார்த்த இரண்டு விஷயங்கள் அவரை மாற்றின. முதலாவது, நூலகம் படித்தவர்களுக்கு மட்டும் இல்லை. தொழிலாளி, குழந்தை என எல்லாருக்கும் அங்கே இடம் இருந்தது. இரண்டாவது, ஒரு கடையில் கண்ட 'மெக்கானோ' விளையாட்டுச் சாமான். அதே இரும்புப் பட்டைகளையும் திருகுகளையும் மாற்றி மாற்றி இணைத்தால் புதுப்புது பொம்மைகள் வரும். புத்தகங்களையும் இப்படி வகைப்படுத்தலாமே என்று தோன்றியது.

செல்போன்ல நீங்க தினமும் பார்க்கிறதுதான்

'நெற்பயிரில் வரும் நோய்' பற்றிய புத்தகத்தை எடுத்துக்கொள்வோம். துறை: வேளாண்மை. பயிர்: நெல். பிரச்சினை: நோய். ஒவ்வொன்றுக்கும் ஒரு குறி கொடுத்து, முக்காற்புள்ளியால் இணைத்தால் அந்தப் புத்தகத்துக்கான எண் கிடைத்துவிடும். 1933-இல் வெளியான அவருடைய 'கோலன்' பகுப்புமுறையின் அடிப்படை இதுதான். ஆன்லைன் கடையில் சட்டை வாங்கும்போது அளவு, நிறம், விலை என்று ஃபில்டர் போடுறோமே, அதுவும் இதே வழிதான்.

1925-இல் ஊர் திரும்பிய ரங்கநாதன் வாசகர்களே அலமாரியில் கைவைத்துப் புத்தகம் எடுக்க வழிசெய்தார். தேடுபவருக்கு உதவ ஆள் வைத்தார். நூலகம் திறந்திருக்கும் நேரத்தைக் கூட்டினார். 1931-இல் நூலக அறிவியலுக்கு ஐந்து விதிகள் எழுதினார். வாசகரின் நேரத்தை வீணாக்கக் கூடாது என்பது அவற்றில் ஒன்று. நூலகச் சட்டம் வேண்டும் என்று அவர் ஆண்டுக்கணக்கில் பாடுபட்டதன் பலனாக, சென்னை மாகாணத்தில் 1948-இல் பொது நூலகச் சட்டம் வந்தது. சுதந்திர இந்தியாவில் இதுவே முதல் நூலகச் சட்டம். நூலக வரி இதிலிருந்துதான் வருகிறது.

இப்போது நீங்கள் செய்யக்கூடியவை

1. கிளை நூலகத்தில் உட்கார்ந்து படிக்க உறுப்பினராக வேண்டியதில்லை. வீட்டுக்கு எடுத்துப்போக வேண்டுமானால் உறுப்பினராகச் சேருங்கள்.

2. கன்னிமாரா, கோட்டூர்புரம் அண்ணா நூற்றாண்டு நூலகம் போன்ற பெரிய நூலகங்களுக்குக் கிளம்பும் முன், இணையப் பட்டியலில் புத்தகத்தைத் தேடி அதன் எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். புத்தகத்தின் முதுகில் ஒட்டியிருப்பது அந்த எண்தான்; அதை வைத்து நேராக அலமாரிக்கே போய்விடலாம்.

3. பழைய தமிழ் நூல்கள், இதழ்களைத் தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகத்தில் செல்போனிலேயே இலவசமாகப் படிக்கலாம். கல்லூரிப் பாடங்களுக்கு, கரக்பூர் ஐ.ஐ.டி. உருவாக்கிய தேசிய மின்னூலகம் இருக்கிறது.

4. தேடியது கிடைக்கவில்லையா? கூச்சப்படாமல் நூலகரிடம் கேளுங்கள். தேடித்தருவது அவர் வேலையில் ஒரு பகுதி.

வரி ஏற்கெனவே கட்டியாச்சு. இனி உள்ளே போய்ப் படிக்க வேண்டியதுதான் பாக்கி.