படைப்புக் கொள்கையும் பௌதிக நூலும்

திருச்சிராப்பள்ளிப் பாலக்கரையில் கத்தோலிக்கக் கிறித்தவரின் உலக மீட்பர் பேராலயம் உளது. அந்நகர் நடுவே மலைமிசைத் தாயுமானேசுவரர் எழுந்தருளியிருக்கின்றார். உலகம் ஒரு கருத்தாவையுடையது என்பதில் இவ்விரு சமயத்தாரும் ஒன்றுபடுவர். அக்கருத்தா உலகினை எதனினின்று தோற்றுவித்தான் என்பதில் வேறுபடுவர். இவ்வழக்கில் இக்காலத்துப் பௌதிக நூலைத் தத்தமக்குச் சான்றாக அழைத்தல் இரு திறத்தாரிடத்தும் காணப்படுகின்றது. அது தகுமோ என்பதை ஈண்டு ஆராய்வாம்.

இந்நகரத்துத் தூய வளனார் கல்லூரி, சேசு சபைத் துறவியரால் 1844-இல் நாகப்பட்டினத்தில் தொடங்கப்பெற்று, 1883-இல் இவண் பெயர்ந்தது. இச்சபையைச் சார்ந்த மாத்யூ அடிகள் 1967-இல் அக்கல்லூரியில் ரபினத் தாவரக் காப்பகத்தை நிறுவி, தமிழ்நாட்டுச் செடிகொடிகளைத் திரட்டி வகுத்துப் பெருநூல் செய்தார். ஒரு செடியின் இலக்கணம் துணிதற்கண் அவர்க்குக் காட்சியே அளவையாயிற்று, விவிலியம் அன்று. அதனால் அவர்தம் நம்பிக்கை குன்றிற்றில்லை. அளவைகட்கு எல்லை வேறாதலின் என்க.

இவ்வெல்லையை நன்குணர்ந்தவர் பெல்ஜிய நாட்டுக் குருவாகிய ஜார்ஜ் லெமேத்ர் (1894–1966). உலகம் விரிந்துகொண்டே செல்கின்றது என்று 1927-இல் கணித்துக் கூறியவரும், அது மிகச் செறிந்ததோர் ஆதிநிலையினின்று விரிந்திருத்தல் வேண்டுமென 1931-இல் எழுதியவரும் இவரே. அவ்விரிவு தொடங்கி ஏறத்தாழ 1380 கோடி ஆண்டுகள் ஆயின என்பர் இன்றைய வானநூலார். 1951-இல் பாப்பரசர் 12-ஆம் பயஸ், விஞ்ஞானம் படைப்பின் தொடக்கத்திற்குச் சான்று பகர்வதாகப் பேசினார். தம் மதத் தலைவரே தம் கருத்தைப் பாராட்டவும் அக்குரு மகிழ்ந்தாரில்லை. தம் கொள்கை சமயச் சார்பற்றது, நாத்திகனும் அதனை ஏற்கத் தடையில்லை என்பதனை 1958-இல் ஸால்வே மாநாட்டிலும் வெளிப்படக் கூறினார்.

அவர் அஞ்சியது வீணன்று. மாறா நிலைக் கொள்கையொன்று 1948-இல் தோன்றி இவர் கருத்தை எதிர்த்து நின்றது. 1965-இல் வானிற் பரந்துள்ள நுண்கதிர் கண்டறியப்பட்ட பின்னரே அது தளர்ந்தது. சமயத்தைப் பௌதிக நூலில் ஊன்றியிருந்தால், அவ்விடைக்காலத்தில் சமயமும் உடன் ஆடியிருக்கும்.

அற்றேல், கிறித்தவர்க்குப் படைப்பு என்பது யாது? உலகம் ஒரு காலத்தே தொடங்கிற்று என்பது நம்பிக்கையாற் கொள்ளப்படுவதேயன்றி யுத்தியால் நிறுவலாகாது என்றார் 13-ஆம் நூற்றாண்டினராகிய தாமஸ் அக்வினாஸ். உலகின் இருப்பு எக்கணத்தும் இறைவனைச் சார்ந்திருத்தலே அவர் கருத்திற் படைப்பின் உட்பொருள். இதனை அறியாது, காலத் தொடக்கம் ஒன்றையே பற்றி அவர்களை மறுப்பார் மறுப்புக் குறி தவறியதாகும்.

நமக்கும் அவர்க்கும் உள்ள மெய்யான வேறுபாடு பிறிது. இறைவன் முதற்காரணமின்றியே உலகைப் படைத்தான் என்பர் அவர். இல்லது தோன்றாது என்னும் சற்காரியவாதம் நம்முடையது. குயவனுக்கு மண் போல மாயை முதற்காரணம். திரிகை போலச் சத்தி துணைக்காரணம். இறைவன் நிமித்த காரணன். உயிர்களின் மலநீக்கமே தோற்றத்தின் பயன். வினையே அவற்றின் ஏற்றத்தாழ்விற்கு ஏது. பௌதிக நூல் ஏதேனும் ஓர் ஆற்றலை உள்ளதாகக் கொண்டே தொடங்குதலின், முதற்காரணம் உண்டோ இன்றோ என்னும் இவ்வழக்கை அது தீர்க்கமாட்டாது.

இனி நம்மவர் செய்யும் பிழையொன்றுண்டு. உலகம் விரிந்து பின் சுருங்கும் என்று சிலர் கூறிய காலத்து, அதுவே நம் சிருட்டியும் சங்காரமும் என நம்மவருட் சிலர் மகிழ்ந்தனர். 1998-இல் தொலைவிலுள்ள விண்மீன் வெடிப்புக்களை அளந்தோர், விரிவு மேன்மேலும் விரைகின்றது எனக் கண்டனர். சுருங்கும் என்பார் கூற்று வலியிழந்தது. அதனால் நம் சங்காரம் பொய்த்ததோ? இன்று. அவ்வாறே அணுவை மாயையென்பதும் பொருந்தாது. அணுக்கள் பலவாயும் சடமாயும் இருத்தலின் காரியமே என்று நம் ஆசிரியர் பரமாணு வாதிகளை மறுத்தமை காண்க.

சிவஞானபோத முதற் சூத்திரத்து அனுமானம் யாதொரு கால அளவையும் பற்றி நிற்பதன்று. சுட்டியறியப்படும் பொருள் யாவும் தோன்றி நின்று அழிதலை நாடொறும் காண்கின்றோம். அறிவில்லாத சடம் தானே அவ்வாறு இயங்கமாட்டாது. ஆதலின் அதனை இயக்குவோன் ஒருவன் உளன் என்பதே அதன் நெறி. உலகின் வயது எத்துணையாயினும் இந்நெறிக்கு ஊறில்லை. இதனை மறுக்க விழைவார் அளவை நூல் முகத்தானே மறுத்தல் வேண்டும். நாமும் அம்முகத்தானே விடையிறுத்தல் வேண்டும்.

ஆதலின் மடங்களிற் பாடங் கேட்போர் பௌதிக நூலை வெறாது கற்பாராக; அதனைச் சித்தாந்தத்திற்குச் சாட்சியாக அழையாதிருப்பாராக. புறச்சமயத்துக் குருவொருவர் தம் தலைவர் முன்னும் விடாது காத்த இந்நேர்மை நமக்கும் உரியதாகுக. திருவருள் முன்னிற்க.