மலைக்கு ஒரு இலேசான ஸ்போர்ட்ஸ் கார்: வாங்கும் முன் பார்க்க வேண்டியவை

நீலகிரியில் இருப்பவருக்கு ஸ்போர்ட்ஸ் கார் ஆசை வருவது இயல்பு. கல்லாரிலிருந்து குன்னூர் வரை 14 கொண்டை ஊசி வளைவுகள், கல்லட்டியில் 36. தினமும் இந்தச் சாலைகளில் போய்வருகிறவருக்கு, கனத்த வண்டியை வளைவில் திருப்புவதும் இலேசான வண்டியைத் திருப்புவதும் ஒன்றல்ல என்று யாரும் சொல்லித்தர வேண்டாம். ஆனால் "ரெண்டு பேர் உட்கார்ற, மேலே திறந்த குட்டி கார், கையில அஞ்சாறு லட்சம் இருக்கு" என்று தேடத் தொடங்குகிறவர்கள் பெரும்பாலும் முதலில் கேட்பது குதிரைத்திறனை. அடுத்து நிறம், அதற்கப்புறம் சைலன்சர் சத்தம். ஆர்.சி. புத்தகமும் சேஸும் கடைசியில்தான் வருகின்றன. இந்த வரிசையை அப்படியே தலைகீழாக்குங்கள் என்பதுதான் என் ஆலோசனை.

வாங்குவதற்குப் பதில் நாமே கட்டிக்கொள்ளலாமா? பாகங்களாக வாங்கி வீட்டு ஷெட்டில் கோத்து ஓட்டும் காருக்குப் பேர்போன நாடு இங்கிலாந்து. காலின் சாப்மன் 1957-ல் கொண்டுவந்த லோட்டஸ் செவன், முழுக் காராகவும் கிடைத்தது, பாகங்களாகவும் கிடைத்தது. பாகங்களாக வாங்கினால் அங்கிருந்த கொள்முதல் வரி கிடையாது என்பதால் சம்பளக்காரர்களும் அதை வாங்க முடிந்தது. 1973-ல் வாட் வரி வந்ததும் அந்தச் சலுகை போயிற்று. அதே ஆண்டு அந்தக் காரைத் தயாரிக்கும் உரிமை கேட்டர்ஹாம் நிறுவனத்துக்குக் கைமாறியது. இன்றும் அங்கே ஒருவர் வீட்டில் கட்டிய காரைச் சோதனைக்குக் கொண்டுபோய், தேறினால் நம்பர் வாங்கலாம்.

நம் நாட்டில் தனி ஆளுக்கு அப்படிச் சுலபமான வழி இல்லை. ஒரு மாடல் சாலைக்கு வர வேண்டுமானால், தயாரிப்பாளர் அதை புனேயிலுள்ள ஏ.ஆர்.ஏ.ஐ. போன்ற அங்கீகரிக்கப்பட்ட சோதனை நிலையத்தில் தேர்ச்சி பெறச் செய்ய வேண்டும். அந்தச் செலவு கம்பெனிகளுக்குத்தான் கட்டும். சரி, பழைய மாருதி 800-ஐப் பிரித்து அதன் ஆர்.சி.யிலேயே புது உடம்பைக் கட்டலாமா என்றால், மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவு குறுக்கே நிற்கிறது. தயாரிப்பாளர் கொடுத்த அடிப்படை அமைப்பை மாற்றக் கூடாது என்பதை உச்ச நீதிமன்றமும் 2019 ஜனவரியில் உறுதியாகச் சொல்லிவிட்டது. "ஆர்.சி. எல்லாம் இருக்கு சார், ஆர்.டி.ஓ.ல பேசிக்கலாம்" என்று ஒருவர் அப்படியொரு காரைக் காட்டினால், அழகாக இருக்கிறது என்று சொல்லிவிட்டு நடையைக் கட்டுங்கள். செக்போஸ்டில் பிடிபடுவது சின்ன விஷயம். அந்த வண்டி மோதி யாருக்காவது கை கால் போனால், இன்சூரன்ஸ் கம்பெனி ஆர்.சி.யையும் வண்டியையும் ஒப்பிட்டுப் பார்த்துப் பொறுப்பை உங்கள் தலையில் போடப் பார்க்கும். வீட்டை விற்றாலும் அடையாத கடனாகிவிடும்.

ஆக, சாலையில் ஓட்ட மிஞ்சுவது, தொழிற்சாலையிலேயே கட்டி முறைப்படி பதிவான பழைய கார்கள். அந்த ஜாதியில் இந்தியாவில் பேர் சொல்ல இரண்டு உண்டு. ஒன்று, கோவாவிலிருந்து 1990-களின் கடைசியில் வந்த சான் ஸ்டார்ம். ஃபைபர் உடம்பு, இரண்டு இருக்கை, ரெனோவின் 1,149 சிசி எஞ்சின், 60 குதிரைத்திறன். இன்னொன்று மகாராஷ்டிரத்து அலிபாகின் சிங்காரா ரோட்ஸ்டர். இது லோட்டஸ் செவனின் சாயலை நேரடியாகக் கொண்டது: நீண்ட மூக்கு, வெளியே நிற்கும் சக்கரங்கள், பின்சக்கர இயக்கம், இசுசுவின் 1.8 லிட்டர் எஞ்சின்.

இந்த இரண்டில் எது என்று கேட்டால், நம் மலைக்கு நான் சிங்காராவின் பக்கம்தான் நிற்பேன். அதன் எஞ்சின் அம்பாசடர் 1800 ஐ.எஸ்.இசட்.டில் இருந்த அதே குடும்பத்து எஞ்சின். அம்பாசடர் உற்பத்தி 2014-ல் நின்றுவிட்டாலும், ஊட்டி, குன்னூர் டாக்ஸி ஸ்டாண்டுகளை அம்பாசடர் ஆண்ட காலத்தில் தொழில் கற்ற மெக்கானிக்குகள் இன்னும் இருக்கிறார்கள். அந்த எஞ்சினின் சத்தத்தைக் கேட்டே வால்வு தளர்ந்திருக்கிறதா என்று சொல்லக்கூடியவர்கள். கோயம்புத்தூரில் தேடினால் பாகமும் கிடைக்கும். ஸ்டார்மின் கதை வேறு. அதன் ரெனோ எஞ்சின் இங்கே பெருவாரியாக விற்ற எந்தக் காரிலும் இல்லை. ஒரு சென்சார் போனால்கூட வெளிநாட்டிலிருந்து வரவழைக்க வேண்டி வரலாம். அதற்காக ஸ்டார்ம் வேண்டாம் என்று சொல்லவில்லை. மழைக்கு ஒதுங்க வசதி, தினசரி ஓட்ட வசதி என்று பார்த்தால் அதுதான் மேல். விற்பவர் கையில் உபரிப் பாகங்கள் ஒரு பெட்டி நிறைய இருந்தால் அந்தப் பெட்டிக்கும் சேர்த்தே விலை பேசுங்கள்.

இனி காகிதம். இந்தக் கார்கள் பெரும்பாலும் வெளிமாநில நம்பரோடு இருக்கும், 15 வருடப் பதிவுக் காலமும் முடிந்திருக்கும். புதுப்பித்தால் 5 வருடத்துக்குச் செல்லும். கட்டணம் 2022 ஏப்ரலிலிருந்து 5,000 ரூபாய். 20 வருடம் தாண்டிய கார்களுக்கு 2025-ல் அதை 10,000 ஆக்கினார்கள். புதுப்பிக்காத வண்டியை, "நீங்க வாங்கிட்டுப் பண்ணிக்கோங்க" என்று சொல்பவரிடம் வாங்கவே வாங்காதீர்கள். அவருடைய ஆர்.டி.ஓ.வில் அவரே எஃப்.சி. காட்டிப் புதுப்பித்துக் கொடுக்கட்டும். எஞ்சின் மாற்றப்பட்டிருந்தால் அங்கேயே வெளிப்பட்டுவிடும். புதுப்பித்த பிறகு 28-ம் படிவத்தில் என்.ஓ.சி. வாங்கி, 29, 30 படிவங்களில் அவர் கையெழுத்தும் கையில் வந்த பிறகு மீதிப் பணம். அதற்கும் முன்பு, அட்வான்ஸ் கொடுப்பதற்கு முன்னாலேயே, ஆர்.சி.யின் நகலோடு ஊட்டி வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்துக்குப் போய் ஆயுள் வரி எவ்வளவு வரும் என்று கேட்டுவிடுங்கள். பில் தொலைந்த பழைய காருக்கு எந்த விலையை வைத்து வரி போடுவார்கள் என்பது அங்கேதான் தெரியும். வெளிமாநில நம்பரோடு 12 மாதத்துக்கு மேல் இங்கே வைத்திருக்கவும் சட்டம் விடாது. நீலகிரி நம்பரான டி.என். 43 ஆக மாற்றிக்கொண்டால், வெளியூர் வண்டிகளுக்கு 2024 மே மாதம் முதல் நடைமுறையிலுள்ள இ-பாஸ் தொல்லையும் இல்லை.

இனி வண்டிக்கு அடியில் போகலாம். இதைத்தான் நான் மிக முக்கியமாக நினைக்கிறேன். ஃபைபர் உடம்பு துருப்பிடிக்காது. அதனாலேயே அது ஆளை ஏமாற்றும். மேலே பெயின்ட் பளபளக்கும், உள்ளே இரும்புச் சட்டம் அரித்துக்கொண்டிருக்கும். பிட் இருக்கும் ஒர்க்‌ஷாப்பில் வண்டியை ஏற்றச் சொல்லுங்கள். கையில் நல்ல டார்ச்சும் ஒரு பழைய ஸ்க்ரூ டிரைவரும் போதும். சஸ்பென்ஷன் கைகள் சேஸில் வந்து சேரும் இடங்களை ஒவ்வொன்றாகத் தட்டிப் பாருங்கள். நல்ல குழாய் கணீரென்று பேசும், அரித்த குழாய் மந்தமாகப் பேசும். வெல்டிங்கின் ஓரத்தில் தலைமுடி போல ஒரு பழுப்புக் கோடு ஓடினால், அது அழுக்கா விரிசலா என்று துடைத்துப் பாருங்கள். துடைத்தும் போகாவிட்டால் விரிசல்தான். புதிதாகக் கறுப்பு அண்டர்கோட் அடித்திருந்தால் ஏன் அடித்தார்கள் என்று கேளுங்கள். அந்த இடத்தை ஓர் அங்குலம் சுரண்டிப் பார்க்க விடாதவரின் கார் உங்களுக்கு வேண்டாம். ஃபைபரில் சின்ன நட்சத்திர வெடிப்புகள் இருந்தால் கவலைப்பட வேண்டியதில்லை, ஆள் வைத்துச் சரிசெய்துவிடலாம். கதவுக் கீலைச் சுற்றியும் பானட் பூட்டைச் சுற்றியும் பெரிய வெடிப்பு இருந்தால் மட்டும் சேஸ் முறுக்கியிருக்கிறதா என்று பார்க்க வேண்டும்.

குதிரைத்திறனைப் பற்றி ஏன் கவலைப்பட வேண்டாம் என்கிறேன்? ஊட்டி 2,240 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அங்கே காற்றின் அழுத்தம் கடற்கரையில் இருப்பதைவிட ஏறக்குறைய கால்வாசி குறைவு. டர்போ இல்லாத எஞ்சினின் பலமும் கிட்டத்தட்ட அதே கணக்கில் குறையும். 60 குதிரைத்திறன் என்று எழுதியிருக்கும் கார் ஊட்டி சேரிங்கிராஸில் 46, 47-ஐத்தான் தரும். கார்புரேட்டர் வண்டியானால் பெட்ரோல் அதிகமாகிக் கறுப்புப் புகையும் தள்ளும், ஜெட்டை மாற்றியாக வேண்டும். எல்லாக் காருக்கும் மலை இந்த வரியை வசூலிக்கிறது. ஆனால் எடை குறைந்த காரிடம் எடையின் லாபத்தை மலை பிடுங்குவதில்லை. இறக்கத்தில்தான் அது முழுசாகத் தெரியும். குன்னூரிலிருந்து மேட்டுப்பாளையம் சுமார் 1,400 மீட்டர் இறக்கம். அத்தனை உயரத்திலிருந்து இறங்கும் எடையின் சக்தியை எஞ்சினும் பிரேக்கும் சேர்ந்துதான் விழுங்க வேண்டும். ஆட்களோடு 950 கிலோ இருக்கும் குட்டி கார், 1,850 கிலோ எஸ்.யு.வி.யில் பாதி வெப்பத்தைத்தான் உண்டாக்கும். வழியிலுள்ள பர்லியாரில் சுற்றுலா வண்டிகள் பிரேக் கருகும் வாடையோடு ஒதுங்கி நிற்பதை நம் ஊர்க்காரர் எல்லோரும் பார்த்திருப்பார்கள். இலேசான காரை இரண்டாம் கியரில் விட்டு இறங்கினால் பிரேக்கை அங்கங்கே தொட்டாலே போதும்.

விற்பவர் நெடுஞ்சாலையில் ஓட்டிக்காட்டுவார். அது போதாது. நெரிசலில், இரண்டாம் கியரில், இருபது நிமிடமாவது ஊர்ந்து போங்கள். மேட்டுப்பாளையத்திலிருந்து லாரிக்குப் பின்னால் ஏறுவது அப்படித்தான் இருக்கும். வெப்ப முள் நடுவைத் தாண்டக் கூடாது, ரேடியேட்டர் விசிறி தானாகச் சுற்றி நிற்க வேண்டும். டயரின் பக்கச்சுவரில் டாட் என்ற குறியின் கடைசி நான்கு இலக்கங்களைப் பாருங்கள். 2316 என்றிருந்தால் 2016-ன் 23-வது வாரத்தில் செய்தது. டயரின் பள்ளங்கள் ஆழமாக இருந்தாலும் அந்தப் பழைய ரப்பர் ஈரச் சாலையில் பிடிக்காது. விலையில் நான்கு டயரின் பணத்தைக் கழியுங்கள்.

பணக் கணக்கு சுருக்கமாக: கையில் ஆறு லட்சம் இருந்தால் நான்குக்கு மேல் காருக்குக் கொடுக்காதீர்கள். இரண்டு லட்சம் வரிக்கும் டயருக்கும் புஷ், ஹோஸ், வயரிங்குக்கும் போய்விடும். அந்த இரண்டு லட்சத்துக்கும் மேல் செலவு கேட்கும் வண்டி உங்களுக்கானதல்ல. மூன்றாம் நபர் காப்பீடு 1,000 முதல் 1,500 சிசி வரையிலான காருக்கு வருடம் 3,416 ரூபாய், 1,500-க்கு மேல் 7,897. இவை 2022-ல் அறிவித்த கட்டணங்கள், ஜி.எஸ்.டி. தனி. சொந்தச் சேதத்துக்கான காப்பீட்டுக்கு வண்டியின் மதிப்பைப் பேசி, பாலிசியில் எழுத வைத்துக்கொள்ளுங்கள்.

நான்கு லட்சத்துக்கு நல்ல வண்டி சிக்கவில்லையா? நன்றாக வைத்திருந்த பழைய மாருதி ஜென் ஒன்றைத் தேடுங்கள். முக்கால் டன் எடை, அலுமினிய எஞ்சின், மூலைக்கு மூலை பாகம். இதைக் குறைவாக நினைக்க வேண்டாம். லோட்டஸ் செவனின் வாரிசான கேட்டர்ஹாமே 160 என்ற மாடலுக்கு சுசுகியின் 660 சிசி குட்டி எஞ்சினைத்தான் எடுத்துக்கொண்டது. நம் மண்ணிலும் கோயம்புத்தூர் கரிவரதன் 1980-களின் இறுதியில் மாருதி 800 எஞ்சினை வைத்துத்தான் ஃபார்முலா மாருதி பந்தயக் கார்களைக் கட்டினார். நரேன் கார்த்திகேயன் பந்தயத்துக்குள் வந்ததே அந்தக் காரில்தான்.

கட்டியே தீர வேண்டும், கையால் வெல்டிங் வைத்தே தீர வேண்டும் என்பவர்களுக்கும் கோவைதான் இடம். செட்டிபாளையத்தில் கரிவரதன் பெயரிலுள்ள கரி மோட்டார் ஸ்பீட்வேயில் கல்லூரி மாணவர்கள் தாங்களே கட்டிய கார்களைக் கொண்டுவந்து ஃபார்முலா பாரத் போட்டியில் ஓட்டுகிறார்கள். டிராக்கில் மட்டும் ஓடும் காருக்கு ஆர்.சி. வேண்டாம். ஆனால் பொதுச்சாலையில் ஒரு அடிகூட ஓட்டக் கூடாது, டிரெய்லரில்தான் போக வேண்டும்.

சாலைக்கார் வாங்கியவர்களுக்கு இன்னும் சில வார்த்தைகள். உங்கள் தலை அரசுப் பேருந்தின் சக்கர உயரத்தில் இருக்கும். கொண்டை ஊசி வளைவில் பேருந்தை ஒட்டி நிற்காதீர்கள், டிரைவருக்கு நீங்கள் தெரியமாட்டீர்கள். மூடுபனியில் பகலிலும் விளக்கு எரியட்டும். தேயிலைத் தோட்டத்துக் கல் பாதைகளில் வேண்டாம், எண்ணெய்த் தொட்டி உடைந்துவிடும். இருட்டிய பிறகு குன்னூர், கோத்தகிரி சாலைகளில் காட்டெருமை குறுக்கே நிற்கும். இந்தக் கார்களில் ஏர்பேக், ஏ.பி.எஸ். எதுவும் கிடையாது. ஆறு மணிக்கு மேல் வீட்டிலேயே நிற்கட்டும்.

வண்டி வந்து சேர்ந்ததும் பெயின்ட் கடைக்குப் போகாதீர்கள். முதலில் பிரேக் ஆயிலை முழுசாக வடித்துப் புதிது ஊற்றுங்கள். அது காற்றிலிருந்து ஈரத்தை உறிஞ்சும். ஈரம் சேர்ந்த ஆயில் இறக்கத்துச் சூட்டில் கொதித்தால் பெடல் தரையைத் தொடும். நம் ஊர் ஈரத்துக்கு அதை வருடா வருடம் மாற்றுவது நல்லது. கூடவே பிரேக் ஹோஸ்களும், ரேடியேட்டர் ஹோஸ்களும், பெட்ரோல் குழாயும். இவை முடிந்த பிறகு ஒரு ஞாயிறு அதிகாலை, சாலை காலியாக இருக்கும்போது, மேட்டுப்பாளையம் வரை மெதுவாக இறங்கிப் பாருங்கள். கல்லாரில் நிறுத்தி, சக்கரத்தில் கை வைக்காமல் பக்கத்தில் மட்டும் உள்ளங்கையைக் கொண்டுபோய்ப் பாருங்கள். நான்கில் ஒன்று மட்டும் அதிகமாகத் தகித்தால் அந்தப் பக்கம் பிரேக் பிடித்துக்கொண்டிருக்கிறது. திரும்பி ஏறுவதற்கு முன் மேட்டுப்பாளையத்திலேயே அதைப் பார்த்துவிடுங்கள்.