பாடம் 4: முதலைத் தின்னாத கணக்கு

வீட்டில் மிளகாய்த்தூள் வறுத்து விற்பவர்கள் பலர் சரக்கு விலையை மட்டுமே கணக்கில் எடுக்கிறார்கள். நீங்கள் எல்லாச் செலவையும் கொப்பியில் எழுதுங்கள்.

உதாரணம் (பழைய விலைகளில்): செத்தல் மிளகாய், மல்லி முதலிய சரக்கு 5 கிலோ 1,850 ரூபா, அரைவைக் கூலி 150, விறகு 100, பைகள் 50, பஸ் 100. மொத்தம் 2,250 ரூபா. வறுக்கும்போது ஈரம் வற்றும், ஆலையிலும் சிறிது தங்கும். ஆகவே அரைத்தபின் நிறுத்துப் பாருங்கள். 4.5 கிலோ தேறினால் 100 கிராம் பைகள் 45. ஒரு பையின் அடக்க விலை 50 ரூபா.

50 ரூபாவுக்கே விற்றால் உங்கள் உழைப்புக்கு ஒன்றுமில்லை. 65 ரூபாவுக்கு விற்றால் 675 ரூபா மிஞ்சும். அதுவே உங்கள் கூலி.

இனிக் கடன். 10 பைகளைக் கடனாகக் கொடுத்தால் 650 ரூபா கொப்பியிலேயே நின்றுவிடும். கூலி ஏறக்குறைய முழுவதும் போனதற்குச் சமம். அயலவர்களும் உங்களைப்போலவே வெறுங்கையுடன் திரும்பியவர்கள், இல்லையென்று சொல்வது கஷ்டந்தான். அதனால் முன்கூட்டியே ஓர் எல்லை வையுங்கள்: ஒரு தடவைக்கு 5 பைகள் மட்டும்; பழைய கடன் தீர்ந்தால்தான் புதியது.

விற்ற காசில் முதலில் 2,250 ரூபாவைத் தனி ரின்னில் போடுங்கள். அது அடுத்த சரக்குக்கு உரியது. வீட்டுச் செலவுக்கு அதைத் தொடவேண்டாம்.

பையில் நிறை, விலை, தயாரித்த திகதி, முடிவுத் திகதி, உங்கள் பெயர், முகவரி இருக்கட்டும். கடைக்காரர் நம்பி வாங்குவார். மேலும் அறியப் பொதுச் சுகாதாரப் பரிசோதகரைக் கேளுங்கள்.

பயிற்சி: உங்கள் பொருளின் அடக்க விலையை இன்றே கணக்கிடுங்கள்.