இமை அழற்சி: ஒளூவும் மருந்தும் மனவேதனையும்

நோய்களைப் பற்றி எழுதுகிறவர்கள் சாதாரணமாகப் பெரிய நோய்களையே எடுத்துக்கொள்வது வழக்கம். இம்மாதம் நாம் எடுத்துக்கொண்டிருப்பது ஒரு சிறிய நோய். இதனால் யாரும் இறப்பதில்லை. பார்வையும் பெரும்பாலும் போவதில்லை. ஆனால் இது பீடித்தவர் காலையில் கண்ணாடி பார்க்கக் கூசுகிறார்; பள்ளிவாசலில் முன் ஸப்பில் நிற்கத் தயங்குகிறார்; கல்யாண வீட்டிலே நாலு பேர் முன்னால் தலை நிமிர்ந்து பேச அஞ்சுகிறார். இமையின் ஓரத்திலே, மயிர் முளைக்கும் இடத்திலே, சிவந்து தடித்துப் பீளை கட்டி, எரிச்சலும் அரிப்புமாக மாதக்கணக்கில், வருஷக்கணக்கில் நிற்கும் நோய் இது. டாக்டர்கள் ‘பிளெஃபரைட்டிஸ்’ என்பார்கள். தமிழில் இமை அழற்சி எனலாம்.

இதை நாம் பிறர் சொல்லக் கேட்டு எழுதவில்லை. பன்னிரண்டு ஆண்டுகளாக இந்நோய் நம்மோடு இருக்கிறது. அதனால் பட்ட உடல் வேதனையைவிட, பிறர் வாயால் பட்ட வேதனையே அதிகம் என்று சொன்னால் மிகையாகாது. ஒரு வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்து வெளியே வருகையில் பெரியவர் ஒருவர் நம் தோளைப் பற்றிக்கொண்டு, “என்ன தம்பி, கண்ணெல்லாம் ஒரேயடியாகச் சிவந்து கிடக்கிறதே, ராத்திரி எங்கே போயிருந்தீர்?” என்று சிரித்துக்கொண்டே கேட்டார். பக்கத்தில் நின்ற இருவரும் சிரித்தார்கள். விளையாட்டாகக் கேட்டாரோ, வேறு எதையாவது மனதில் வைத்துக் கேட்டாரோ, அல்லாஹ்வே அறிவான். அதன் பிறகு மூன்று நான்கு வாரங்கள் நாம் வேறொரு பள்ளிக்குப் போய் ஜும்ஆத் தொழுதோம். உறவினர் ஒருவரோ, ‘மெட்ராஸ் ஐ’ என்று நினைத்து முஸாபஹாச் செய்யக் கையை நீட்டாமலே ஸலாம் சொல்லி நகர்ந்தார். இவற்றையெல்லாம்விட மனதைத் தைத்தது சொந்த வீட்டிலே கேட்ட ஒரு சொல்தான்: “ஐந்து வேளையும் முகத்தைக் கழுவுகிறவருக்குக் கண்ணிலே எப்படி அழுக்குச் சேரும்?”

இந்தக் கேள்விக்கு அன்று நம்மிடம் பதில் இல்லை. இன்று இருக்கிறது. அதைச் சற்று விரிவாகவே சொல்ல விரும்புகிறோம்.

இமையின் உள்ளே, விளிம்பை நோக்கி வரிசையாக, மிகச் சிறிய எண்ணெய்ச் சுரப்பிகள் இருக்கின்றன. மேல் இமையில் முப்பது நாற்பது, கீழ் இமையில் அதைவிடச் சற்றுக் குறைவு. 1666ஆம் ஆண்டிலே ஜெர்மானிய மருத்துவர் ஹைன்ரிஹ் மைபோம் இவற்றைப் பற்றி எழுதியதால் இவற்றுக்கு ‘மைபோமியன் சுரப்பிகள்’ என்றே பெயர் நிலைத்துவிட்டது. நாம் ஒவ்வொரு முறை இமைக்கும்போதும் இவற்றிலிருந்து ஒரு துளி எண்ணெய் கசிந்து கண்ணீரின் மேல் மெல்லிய படலமாகப் பரவுகிறது. அந்தப் படலந்தான் கண்ணீரை உலர்ந்துபோகாமல் காக்கிறது. சிலருக்கு இந்த எண்ணெய் கெட்டிப்பட்டு வாயை அடைத்துக்கொள்கிறது. மார்கழிக் காலையில் தேங்காயெண்ணெய் போத்தலைக் கவிழ்த்தால் ஒரு சொட்டாவது விழுகிறதா? அதே கதைதான் இமைக்குள்ளும். எண்ணெய் வராததால் கண் உலர்கிறது, எரிகிறது, மணல் விழுந்ததுபோல் உறுத்துகிறது. உலர்ந்த கண் எரிச்சலால் மேலும் நீரைக் கொட்டுவதும் உண்டு. ‘நீர் வடிகிற கண்ணை உலர்ந்த கண் என்கிறாரே டாக்டர்’ என்று நாமும் முதலில் வியந்தோம்.

இன்னும் சிலருக்கு மயிர்க்காலிலேயே அழற்சி உண்டாகிறது. தோலில் சாதாரணமாக வாழும் கிருமிகள் அங்கே பெருகுவதாலும், தலையில் பொடுகு உண்டாக்கும் அதே குணம் இமையிலும் தோன்றுவதாலும் இப்படி ஆகும். ‘டெமோடெக்ஸ்’ என்னும், கண்ணுக்குத் தெரியாத பூச்சியும் இமைமயிர்க் கால்களில் வாழ்கிறது. வயதானவர்களிடம் இது மிகுதி. அளவுக்கு மீறிப் பெருகினால் மயிரின் அடியிலே சிறு குழாய்போல் செதில் சுற்றிக்கொள்ளும். ‘பூச்சி’ என்றதும் முகம் சுளிக்க வேண்டாம். சுத்தமாக வாழ்கிறவர்களிடமும் இது இருக்கத்தான் செய்கிறது.

ஆக, ஐந்து வேளை ஒளூச் செய்தும் இந்நோய் வருவதற்குக் காரணம் அழுக்கல்ல, அசட்டையுமல்ல. ஹவுளின் குளிர்ந்த நீர் உறைந்த எண்ணெயைக் கரைப்பதில்லை, அவ்வளவுதான். இது பார்ப்பதாலும் தொற்றாது, கை கொடுப்பதாலும் தொற்றாது. திடீரென்று கண் சிவந்து ஒரு வீட்டிலிருந்து மறு வீட்டுக்குப் பரவும் ‘மெட்ராஸ் ஐ’ வேறு, இது வேறு. இமை அழற்சிக்காரரின் ஸலாமுக்குப் பயந்து கையை இழுத்துக்கொள்ள வேண்டியதில்லை.

இனி, செய்ய வேண்டிய காரியத்துக்கு வருவோம். முதலில் ஒரு கசப்பான செய்தி: இந்நோயை அடியோடு போக்கும் மருந்து பெரும்பாலோருக்கு இல்லை. அடக்கி வைக்கலாம், நன்றாகவே அடக்கி வைக்கலாம். ஆனால் கவனிப்பை விட்டால் திரும்ப வரும். மிஸ்வாக்கை ஒரு மாதம் செய்து நிறுத்திவிடுவோமா? அதுபோல் நாள்தோறும் செய்துவர வேண்டிய காரியம் இது.

சுபுஹுக்குச் சற்று முன்பும், இஷாவுக்குப் பின் படுக்கப்போகுமுன்பும் ஒரு பாத்திரத்தில் வெந்நீர் எடுத்துக்கொள்ளுங்கள். மணிக்கட்டின் உட்புறத்தில் விட்டுப் பார்த்தால் இதமாகச் சுட வேண்டும். பொறுக்க முடியாத சூடு கூடாது. சுத்தமான பருத்தித் துணியை அதில் நனைத்துப் பிழிந்து, மூடிய கண்கள் மேல் ஐந்திலிருந்து பத்து நிமிஷம் வைத்திருக்க வேண்டும். துணி ஆற ஆற மறுபடி நனைக்க வேண்டும். இதை அநேகர் ஒரு நிமிஷத்தில் முடித்துவிட்டுப் ‘பலனில்லை’ என்கிறார்கள். எண்ணெய் உருக நேரம் வேண்டாமா? பிறகு விரல் நுனியால் மேல் இமையை மேலிருந்து கீழாகவும், கீழ் இமையைக் கீழிருந்து மேலாகவும், மயிர் இருக்கும் பக்கம் நோக்கி மெதுவாக நீவ வேண்டும். அதன்பின், காய்ச்சி ஆறிய இளஞ்சூட்டு நீரில் குழந்தைகளுக்கான ஷாம்புவை ஓரிரு சொட்டு கலந்து, பஞ்சை அதில் நனைத்து இமை ஓரத்தை மட்டும் துடைத்து, நல்ல நீரால் கழுவிவிட வேண்டும். ஒவ்வொரு கண்ணுக்கும் வேறு வேறு பஞ்சு. நகத்தால் பீளையைப் பிய்க்கவே கூடாது. மயிரும் சேர்ந்து வந்துவிடும். இரண்டு மூன்று வாரங்கள் விடாமல் செய்தால்தான் வித்தியாசம் தெரியும். பிறகு நாளைக்கு ஒருமுறை போதும்.

தலையில் பொடுகு இருந்தால் அதற்கும் வைத்தியம் செய்ய வேண்டும். மின்விசிறிக்கு நேர் எதிரே படுப்பதையும், கைபேசியை இமைக்காமல் வெறித்துக்கொண்டிருப்பதையும் குறைக்க வேண்டும். களிம்போ, சொட்டு மருந்தோ, மாத்திரையோ வேண்டுமா என்பதைக் கண் டாக்டர்தான் சொல்ல வேண்டும்.

இந்த இடத்தில் நம் தவறு ஒன்றைச் சொல்லியாக வேண்டும். முதல் வருஷம் டாக்டரிடம் போகாமல் ஒரு மருந்துக்கடையில் சொட்டு மருந்து கேட்டு வாங்கினோம். இரண்டே நாளில் சிவப்பு மறைந்தது. அற்புதமான மருந்து என்று எண்ணி, சிவக்கும்போதெல்லாம் விட்டுக்கொண்டே வந்தோம். மாதங்கள் கழித்து ஒரு டாக்டர் புட்டியைப் பார்த்துவிட்டுக் கண்ணின் அழுத்தத்தை அளந்தார். அளவு ஏறியிருந்தது. அது ஸ்டீராய்டு மருந்து. மேற்பார்வையின்றி நீண்டநாள் விட்டால் கண் நீர் அழுத்த நோயும் கண்புரையும் வரலாம். பார்வையைப் பறிக்காத நோய்க்கு, பார்வையைப் பறிக்கக்கூடிய மருந்தை நாமே விலை கொடுத்து வாங்கியிருந்தோம்! அல்ஹம்துலில்லாஹ், நிறுத்தியபின் அழுத்தம் இறங்கிவிட்டது.

ஒளூவைப் பற்றிச் சில மஸ்அலாக்கள்

இந்நோய் உள்ளவர்களுக்கு ஒளூவின்போது மனக்குழப்பம் ஏற்படுவது இயற்கை. இமைமயிரும் அதன் அடியிலுள்ள தோலும் முகத்தைச் சேர்ந்தவை. அங்கே நீர் சேர வேண்டும். கண்ணின் உட்புறத்தைக் கழுவுவது கடமையல்ல. இமை மேல் கட்டியாக உலர்ந்த பீளை நீரைத் தடுக்குமானால் அதை அகற்ற வேண்டும். ஹனபீ கிதாபுகளில், கண்ணை மூடினால் வெளியே தெரியும் பீளைக்கே இந்தச் சட்டம் என்று விளக்கியிருக்கிறார்கள். நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் ஒளூவின்போது கண்களின் ஓரங்களைத் தடவுவார்கள் என்ற செய்தி அபூதாவூதில் வந்திருக்கிறது. எனவேதான் வெந்நீர் ஒத்தடத்தை ஒளூவுக்கு முன்னால் வைத்துக்கொள்ளச் சொன்னோம். பீளை ஊறித் தானே வந்துவிடும். தேய்க்கவும் வேண்டாம், சந்தேகமும் வேண்டாம்.

கண்ணிலிருந்து வடிவது ஒளூவை முறிக்குமா? ஷாபிஈ மத்ஹபில் முறிக்காது. ஆனால் அது சீழாக இருந்தால் நஜீஸ், கழுவ வேண்டும். ஹனபீ மத்ஹபில், நோயுற்ற கண்ணிலிருந்து சீழ் வெளியே வழிந்தால் ஒளூ முறியும். இமை அழற்சியில் மயிரில் ஒட்டுவது பெரும்பாலும் சீழ் அல்ல, எண்ணெய்ப் பசையும் தோல் செதிலுமே. வடிவது சீழா, வெறும் கண்ணீரா என்பதை டாக்டரிடம் கேட்டுத் தெரிந்துகொண்டு, பிறகு உங்கள் ஊர் ஆலிமிடம் உங்கள் மத்ஹபின் சட்டத்தைக் கேளுங்கள். இரண்டு கேள்வியையும் ஒருவரிடமே கேட்டுக் குழம்ப வேண்டாம். தயம்முமுக்கு இங்கே சாதாரணமாகத் தேவை எழுவதில்லை. இந்நோய்க்குத் தண்ணீர் பகையல்ல.

ரமளானில் நோன்பு முறிந்துவிடும் என்று பயந்து சொட்டு மருந்தை நிறுத்திவிட்டு, பெருநாளன்று வீங்கிய கண்ணோடு நிற்பவர்கள் உண்டு. ஷாபிஈ, ஹனபீ இரு மத்ஹபுகளிலும் கண்ணில் மருந்து விடுவதால் நோன்பு முறியாது. ஹஜ்ஜுக்குச் செல்பவர்கள், இஹ்ராமில் வாசனைப் பொருள் கூடாதென்பதால், அந்நாட்களில் ஷாம்புவை விட்டு வெறும் வெந்நீரால் துடைத்துக்கொள்ளலாம்.

சுருமாவும் ஒரு பெண்ணும்

நம் உறவில் ஒரு பெண். இமை அழற்சியால் இமைமயிர் பாதி உதிர்ந்துவிட்டது. புர்கா அணிந்து வெளியே போனால் பிறர் காண்பது கண்ணை மட்டுந்தான். அந்தக் கண்தான் சிவந்து மயிரின்றி இருக்கிறது. முகத்தில் பரு உள்ளவள் புர்காவுக்குள் நிம்மதியாக இருக்கலாம், இவளுக்கு அந்த மறைவும் இல்லை. பெண் பார்க்க வருகிறார்கள் என்றதும் அவளுடைய உம்மா இமை ஓரம் முழுவதும் சுருமாவை அழுத்தித் தீட்டிவிட்டார்கள். வந்தவர்கள் போகுமுன்பே கண் எரிந்து நீர் கொட்டி, கன்னமெல்லாம் கறுப்பு வழிந்தது. “பிள்ளை அழுகிறதே, சம்மதமில்லையோ?” என்று வந்தவர்கள் எழுந்துபோனார்கள்.

சுருமா இடுவது ஸுன்னத்தாயிற்றே என்பீர்கள். ஹதீஸில் புகழப்பட்டது ‘இஸ்மித்’ என்ற கல். இன்று கடைகளில் சுருமா என்று விற்பவற்றில் பல ஈயச் சேர்மத்தால் ஆனவை என்று சோதனைகளில் கண்டிருக்கிறார்கள். குழந்தைகள் உடலில் ஈயம் சேர்ந்து மூளை வளர்ச்சியைக் கெடுக்கும். எதனால் செய்தது என்று தெரியாத தூளை, அதிலும் அழற்சியுள்ள இமையில், சுரப்பியின் வாயிலேயே தீட்டுவது மருத்துவமுமல்ல, ஸுன்னத்தைப் பேணுவதுமல்ல. நம் முன்னோர்கள் கண் விஷயத்தில் இவ்வளவு அசட்டையாக இருக்கவில்லை. ஏறத்தாழ ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் பக்தாதில் வாழ்ந்த அலீ இப்னு ஈஸா ‘தத்கிரத்துல் கஹ்ஹாலீன்’ என்ற கண் மருத்துவ நூலில் நூற்றுக்கும் மேற்பட்ட கண் நோய்களை விவரித்து, இமையில் வருபவற்றையும் ஒவ்வொன்றாகப் பிரித்துக் காட்டியிருக்கிறார்.

அந்தப் பெண் ஓராண்டு யார் வீட்டு விசேஷத்துக்கும் போகவில்லை. அவளிடம் நாம் ஒத்தடத்தையும் டாக்டரையும் பற்றிச் சொன்னதோடு, கைபர் போரின் செய்தியையும் நினைவூட்டினோம். ஹிஜ்ரி 7ஆம் ஆண்டு (கி.பி. 628). கண் நோயால் பின்தங்கியிருந்த அலீ (ரலி) அவர்கள், ‘நபியவர்களை விட்டு நான் பின்தங்குவதா?’ என்று மனம் பொறாமல் புறப்பட்டு வந்து சேர்ந்தார்கள். மறுநாள் கொடி யாருக்குக் கிடைக்கும் என்று தோழர்களெல்லாம் இரவு முழுவதும் பேசிக்கொண்டிருந்தார்கள். விடிந்ததும் நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள், ‘அலீ எங்கே?’ என்றே கேட்டார்கள். ‘அவருக்குக் கண் நோவு’ என்று பதில் வந்தது. அந்தப் பதில் அவர்களை ஒதுக்கி வைக்கக் காரணமாகவில்லை. ஆளனுப்பி அழைத்துவரச் செய்து, கண்ணுக்கு நிவாரணமும் செய்து, கொடியையும் அவர்கள் கையிலேயே கொடுத்தார்கள். “மாமா, அவங்களுக்கு உடனே சுகமாயிடுச்சே!” என்றாள் அந்தப் பெண். நியாயமான கேள்விதான். “சுகமாவதற்கு முன்னாலேயே கூப்பிட்டுவிட்டார்களே, அதைப் பார்” என்றோம். சிறிது நேரம் பேசாமல் இருந்தாள்.

இப்போது அவள் வீட்டில் சுபுஹுக்கு முன் வெந்நீர் வைப்பவர் அவளுடைய வாப்பா. இமைமயிர் ஓரளவு முளைத்திருக்கிறது. சிவப்பு முழுவதும் போகவில்லை. சென்ற பெருநாளைக்கு எல்லார் வீட்டுக்கும் போய்வந்தாள்.

இன்னொன்று. ஒத்தடத்தை நம்பிக்கொண்டு டாக்டரைத் தள்ளிப்போடக் கூடாத நேரங்கள் உண்டு. கண்ணில் கடும் வலி, பார்வை மங்கல், வெளிச்சம் பார்க்க முடியாத கூச்சம் இவற்றில் ஏதேனும் வந்தால் அன்றே போக வேண்டும். வயதானவர்களுக்கு ஒரே ஒரு இமையில் மட்டும் தடிப்பு நின்று, அந்த இடத்தில் மட்டும் மயிர் உதிர்ந்தால் அதை இமை அழற்சி என்று விட்டுவிடக் கூடாது. அது புற்றுநோயாகவும் இருக்கக்கூடும். ஒரே இடத்தில் திரும்பத் திரும்பக் கண்கட்டி வந்தாலும் அப்படியே காட்டிவிட வேண்டும்.