அறைக்கதவு மூடியிருப்பது ஏன்?

நோயாளியின் அறைக்கதவில் தனிமைப் பராமரிப்பு அட்டை தொங்கக் கண்டதும் குடும்பத்தார் பலர் மனம் வாடுகின்றனர். செவிலிய உதவியாளர் கையுறையும் மேலங்கியும் அணிந்து வருவதை அருவருப்பின் அடையாளமாகவும் சிலர் எண்ணிவிடுகின்றனர். அவ்வாறன்று. நாங்கள் அடைப்பது கிருமி செல்லும் வழியையே, நோயாளியை அன்று.

அவ்வழிகள் பெரும்பாலும் மூன்று. தொற்றால் வரும் வயிற்றுப்போக்கும், மருந்துக்குக் கட்டுப்படாத கிருமி தங்கிய புண்ணும் தொடுதலால் பரவும். அங்கே கையுறையும் மேலங்கியும் தேவை. இன்ஃப்ளுயன்சா போன்றவை இருமல், தும்மல் துளிகளால் பரவும். அங்கே முகக்கவசம் தேவை. காசநோய், தட்டம்மை, சின்னம்மை ஆகியவற்றின் கிருமிகள் காற்றில் நெடுநேரம் மிதக்கும். ஆகவே மூடிய கதவும், ஊழியருக்கு என்95 முகக்கவசமும் வேண்டும்.

கையுறையைக் கழற்றிய பின்னும் உதவியாளர் கை கழுவுவதைக் காண்பீர்கள். கண்ணுக்குத் தெரியாத துளை வழியாகவோ, கழற்றும்போதோ கிருமி கையில் ஒட்டக்கூடும். சோப்பும் நீரும் என்றால் 40 முதல் 60 வினாடி, கைகளுக்கான கிருமிநாசினி என்றால் 20 முதல் 30 வினாடி தேய்க்க வேண்டும். அறைக்குள் நுழையுமுன்னும் வெளியேறிய பின்னும் நீங்களும் இதைச் செய்யுங்கள். எங்கள் ஊழியர் எவரேனும் மறந்தால், “கை கழுவிவிட்டீர்களா?” என்று கேட்பது உங்கள் உரிமை. அதை எவரும் குறையாகக் கொள்ளார்.

தரமணியிலும் சுற்றுப்புறத்திலும் ஒரே அறையில் குடும்பமாக வாழ்வோர், காசநோயாளியை வீட்டிற்கு அழைத்துச் செல்ல அஞ்சுவதுண்டு. அவ்வச்சத்திற்குச் சென்னையே விடையளித்திருக்கிறது. சேத்துப்பட்டில் 1956இல் தொடங்கப்பட்ட காசநோய் ஆய்வு மையம், நோயாளிகளில் ஒரு பகுதியினருக்கு வீட்டிலும் மறுபகுதியினருக்குச் சானடோரியத்திலும் ஓராண்டு மருந்து அளித்து ஒப்பிட்டது. 1959இல் முடிவு வெளிவந்தது. நெரிசலான வீடுகளில், குறைந்த உணவுடன் இருந்தவர்களும் ஏறத்தாழச் சமமாகவே குணமடைந்தனர். அவர்களுடைய குடும்பத்தாரைத் தொடர்ந்து கவனித்தபோது, அவர்களிடையே நோய் கூடுதலாகப் பரவவில்லை என்பதும் தெரிந்தது. தொற்று பெரும்பாலும் நோய் கண்டறியப்படுமுன்னரே நேர்ந்துவிடுகிறது; முறையான மருந்து தொடங்கியபின் பரவும் ஆற்றல் குன்றிவிடுகிறது.

அப்படியாயின் மருத்துவமனையில் மட்டும் தனி அறை எதற்கு? இங்கே எதிர்ப்பாற்றல் குன்றிய பலர் அருகருகே படுத்திருக்கின்றனர். மருந்து வேலை செய்யத் தொடங்கும்வரை அவர்களைக் காப்பதும் எங்கள் கடமை.

வீடு திரும்பியபின் சன்னல்களைத் திறந்து வையுங்கள். இருமும்போது வாயை மூடச் சொல்லுங்கள். சளியை மூடியுள்ள கலத்தில் சேர்க்கச் செய்யுங்கள். மருத்துவர் சொல்லும்வரை மாத்திரையை ஒருநாளும் நிறுத்த விடாதீர்கள். தட்டையும் தம்ளரையும் பிரித்து வைக்க வேண்டியதில்லை. காசநோய் அவற்றால் பரவுவதில்லை.