தள்ளாடுகிறவனெல்லாம் குடித்தவன் அல்லன்

மீமிசல்,
மாசி மாதம்.

சிரஞ்சீவி சின்னவனுக்குச் சித்தப்பா ஆசீர்வதித்து எழுதிக்கொண்டது.

பொங்கல் வாழ்த்து அட்டையில் நீ எழுதியிருந்த நாலு வரிகளைப் படித்து உன் சித்தி பூரித்துப் போனாள். நானோ வரிகளின் பொருளைவிட எழுத்துகளின் உருவத்தையே வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். மணிமணியான உன் கையெழுத்து பெருத்தும் கோணியும் கோட்டை விட்டு இறங்கியும் கிடந்தது. கப்பல் பட்டறையில் ஏணிப்படியில் கால் தவறிற்று என்றும், பூட்ஸ்மீது நீ பழி போட்டாய் என்றும் பெரியவன் சொன்னான். உங்கள் அப்பாவும் முதலில் செருப்பைத்தான் மாற்றினார். பிறகு கொத்தனாரைக் கூப்பிட்டு வாசற்படியின் உயரத்தைக் குறைத்தார். என் சம்சயம் பொய்யாகப் போகட்டும் என்று கல்யாணராமரை வேண்டிக்கொண்டுதான் இதை எழுத உட்கார்ந்தேன். பயப்படும்படியாக ஒன்றும் எழுதப் போவதில்லை.

நடப்பதும் எடுப்பதும் பேசுவதும் நாம் நினைத்த மாத்திரத்தில் தாமே நடந்துவிடுகின்றன என்று எண்ணியிருக்கிறோம். பிடரிக்கு மேலே, மூளைத்தண்டின் முதுகில் அமர்ந்திருக்கும் சிறுமூளையானது, எடையில் மூளை முழுவதற்கும் பத்தில் ஒரு பங்கே ஆயினும், நரம்பணுக்களின் தொகையில் ஐந்தில் நான்கு பங்கைத் தன்னுள் அடக்கியிருக்கிறது. கட்டளை பிறப்பது பெருமூளையில். அக்கட்டளையின் பிரதியொன்றும், தசைகளும் மூட்டுகளும் கண்ணும் உட்செவியும் இடைவிடாது அனுப்பும் செய்திகளும் ஒருங்கே சிறுமூளைக்கு வந்து சேர, எண்ணியதற்கும் நடந்ததற்கும் இடையிலுள்ள பிழையைக் கணித்து, அடுத்த அசைவின் விசையையும் காலத்தையும் அது திருத்திக் கொடுக்கிறது. வள்ளத்தில் தண்டு வலிப்பவன் வேறு, சுக்கான் பிடிப்பவன் வேறு என்பதை உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. சுக்கான் கெட்டால் வலிப்பவனின் புஜபலம் குறைவதில்லை. வள்ளந்தான் திசை கெடுகிறது. உங்கள் அப்பாவின் கைப்பிடி கடைசிவரையில் இரும்பாக இருந்ததும், அந்தக் கையால் சட்டைப் பொத்தானைப் போட முடியாமல் போனதும் இதனால்தான்.

அச்சிறுமூளையின் நடுவரம்பு உடம்பின் நிமிர்வையும் நடையையும் காக்கிறது. இருபுறத்து அரைக்கோளங்கள் கைகால்களின் நுட்பமான தொழில்களைக் கவனிக்கின்றன. அடியிலுள்ள சிறிய மடல் சமநிலையையும் பார்வையின் நிலைப்பையும் பேணுகிறது. பெருமூளையின் வலப்பாதி உடம்பின் இடப்பக்கத்தை ஆள, சிறுமூளையின் வலப்பாதி வலப்பக்கத்தையே ஆளுகிறது. அதன் மேற்பரப்பில், 1837-இல் பர்கின்ஜி என்னும் விஞ்ஞானி கண்டறிந்த பெரிய அணுக்கள் வரிசையாக நிற்கின்றன. ஒவ்வொன்றும் லட்சத்துக்கு மேற்பட்ட நுண்ணிழைகளிடமிருந்து செய்தி வாங்கினாலும், தான் வெளியே அனுப்பும் செய்தி ‘அடங்கு’ என்பது ஒன்றே. நம் குடும்பத்து வியாதியில் முக்கியமாக அழிவன அந்த அணுக்களே என்பது என் அபிப்பிராயம்.

ஊரில் சிலர் அதை நடுக்குவாதம் என்றார்கள். நடுக்குவாதம் மூளையின் ஆழத்திலுள்ள வேறு நரம்பு முடிச்சுகளுக்கு டோபமீன் என்னும் சத்து கிட்டாமையால் வருவது. அதில் சும்மா கிடக்கும் கை நடுங்கும். கையெழுத்து வரவரச் சிறுத்துப் போகும். உங்கள் அப்பாவின் கை மடியில் இருக்கும்போது சாந்தமாகவே இருந்தது. டீக் கிளாஸை எடுத்து வாய்க்கு அருகில் கொண்டுவரும்போதுதான், உதட்டுக்கு ஒரு சாண் இருக்கையில், அது பக்கவாட்டில் ஆடத் தொடங்கும். நெருங்க நெருங்க ஆட்டம் மிகும். கடைசியில் கிளாஸைப் பெஞ்சிலேயே வைத்து, இரு முழங்கைகளையும் ஊன்றித் தலையைக் குனிந்து குடிப்பார். சங்கத்து ரசீதில் அவர் போட்ட கையெழுத்தோ, கட்டத்தைத் தாண்டி அடுத்தவர் பெயரின்மேல் ஏறிவிடும். வைத்தியர் ஒருவர் பூனைக்காலி விதைச் சூரணம் கொடுத்துப் பார்த்தார். அந்த வைத்தியரை நான் இகழவில்லை. நடுக்குவாதத்துக்கு இன்று உலகமெங்கும் கொடுக்கும் லெவோடோபா அந்த விதையில் உண்டு என்பதைச் சென்னையில் தாமோதரனும் ராமசாமியும் 1937-இலேயே, அது அந்நோய்க்கு மருந்தென்று உலகம் அறியுமுன்பே, பிரித்தெடுத்துக் காட்டியிருக்கிறார்கள். வியாதி வேறாக இருக்கையில் நல்ல மருந்தும் என்ன செய்யும்?

மற்றவர்கள் வியாதி என்றுகூடச் சொல்லவில்லை, குடி என்றார்கள். மது சிறுமூளையைத் தடுமாறச் செய்வதால்தான் குடித்தவன் கால் பின்னுகிறது, நாக்குக் குழறுகிறது. ஆகையால் குடிக்காதவனுக்குச் சிறுமூளை கெட்டாலும் அதே தோற்றந்தான். கள்ளைக்கூட வாயில் வைத்தறியாத மனிதரைக் கண்டக்டர் ஒருவன் அறந்தாங்கி ரோட்டில் நட்டநடு வெயிலில் இறக்கிவிட்டான். ஓர் ஆஸ்பத்திரியில் நாடி பிடிப்பதற்கு முன் வாயை ஊதச் சொன்னார்கள். உன் அக்காவுக்கு வந்த முதல் சம்பந்தம் எதனால் முறிந்தது என்பதை இங்கே விரிக்க வேண்டாம் என்று பார்க்கிறேன். ஆனாலும் ‘தகப்பனார் பகலிலேயே போடுகிறவராமே’ என்று அவர்கள் நம் திண்ணையில் உட்கார்ந்து, நம் வீட்டுக் காப்பியைக் குடித்துக்கொண்டே கேட்டது இன்னும் என் காதிலிருந்து இறங்கவில்லை. முதல் உலக யுத்தத்தில் பிடரியில் குண்டடிபட்ட சிப்பாய்களிடம் இதே நடையையும் இதே குழறலையும் கண்ட கார்டன் ஹோம்ஸ் என்ற வைத்தியர், ஒவ்வொரு லட்சணமாக அளந்து எழுதிவைத்தார். அவர்களை எவரும் குடிகாரர் என்று தூற்றவில்லை. சென்னைப் பொது மருத்துவமனையில் சீர்காழி ராமமூர்த்தி 1950-இல் மூளை அறுவைப் பிரிவைத் தொடங்கிய பிறகும், நம் பக்கத்தில் தள்ளாட்டத்துக்கு ஒரே நிர்ணயந்தான் இருந்தது!

விஷயத்துக்கு வருகிறேன். மதுரையில் ஸ்கேன் எடுத்தபோது உங்கள் அப்பாவின் சிறுமூளை சுருங்கியிருந்ததையும், பரம்பரையாக வருவது என்று டாக்டர் சொன்னதையும் நீ அறிவாய். தாத்தாவின் கைத்தடி ஏன் வந்தது என்பதும் அன்றுதான் எனக்கு விளங்கிற்று. எந்த வகை என்று அப்போது பார்க்கவில்லை. பரம்பரையாக வரும் இச்சிறுமூளை வியாதிகளில் முதலாம் வகை, 1993-இல் ஆறாவது குரோமோசோமில் கண்டுபிடிக்கப்பட்ட ஒரு ஜீனில் மூன்றெழுத்துத் தொடர் ஒன்று அளவுக்கு மீறித் திரும்பத் திரும்ப வருவதால் உண்டாகிறது. தமிழ் மக்களிலேயே ஒரு சமூகத்தாரிடம் அது மிகுந்திருப்பதைச் சென்னை மருத்துவர்கள் 2005-இல் எழுதியிருக்கிறார்கள். பெற்றோரில் ஒருவருக்கு இருந்தால் பிள்ளைக்கு வரவும் பாதி, வராதிருக்கவும் பாதி. தகப்பன் வழியாக இறங்கும்போது அத்தொடர் நீண்டு, வியாதி இளவயதிலேயே தலைகாட்டுவதும் உண்டு. இதை எழுதாமல் விடலாமா என்று யோசித்தேன், எழுதிவிட்டேன்.

பரிசோதித்துக்கொள்வதும் கொள்ளாததும் உன் சுதந்திரம். வேரோடு தீர்க்கும் மருந்து இன்னும் இல்லை, அறிந்து என்ன ஆகப்போகிறது என்று நீ கேட்டால் அதிலும் நியாயம் உண்டு. ஆனால் தைராய்டுக் குறைவும், சில வைட்டமின் குறைவுகளும், வலிப்புக்குக் கொடுக்கும் சில மாத்திரைகளும் இதே வேஷத்தைப் போடுமாகையால், அவை குணப்படக்கூடியவையாகையால், பாராமல் இருப்பவனை என்னவென்று சொல்வது? பரம்பரையே என்று முடிவானாலும், இயன்முறைப் பயிற்சியால் நடையை நெடுநாள் காத்துக்கொள்ளலாம். உயரத்தில் நின்று செய்யும் வேலையைக் கீழே மாற்றிக்கொள்ளலாம். சனிக்கிழமை பியரை இன்றோடு விட்டுவிடு. அறைக் கதவைச் சாத்திக்கொண்டு, தரையில் டைல்ஸ் கோட்டின்மேல், ஒரு காலின் பெருவிரலை மறுகாலின் குதிகால் தொடும்படி அடிமேல் அடி வைத்து நடந்து பார். நேராக நடந்தால் என்னைத் திட்டி ஒரு கடிதம் எழுது.

உனக்குப் பார்த்திருக்கும் அறந்தாங்கிப் பெண்ணின் வீட்டாரிடம், சித்திரை கழியட்டும், தம்பிக்கு லீவு கிடைக்கவில்லை என்று சொல்லியிருக்கிறேன். பொய்தான். மெய்யை நீ வந்து உன் வாயால் அந்தப் பெண்ணிடம் சொல்ல வேண்டும் என்பதற்காகச் சொன்ன பொய். வேண்டாமென்றால் வைகாசியிலேயே முகூர்த்தம் வைத்துவிடுகிறேன், உன் இஷ்டம். சென்னையில் நரம்பியல் டாக்டரிடம் பங்குனி கடைசியில் நாள் கேட்டு வைத்திருக்கிறேன். அதுவும் ஒரு முன்ஜாக்கிரதைக்குத்தான்.

அதிகம் பேசிவிட்டேன். நம் வீட்டில் உன்னைப்போல் தைரியசாலி யார் இருக்கிறார்கள்? ராத்திரி ஷிப்டு முடிந்து, தூக்கக் கலக்கத்தில், மட்டமான பேனாவால் எழுதியிருப்பாய், அவ்வளவுதான் இருக்கும். நன்றாகச் சாப்பிடு, நன்றாகத் தூங்கு, வீட்டுக்குப் பணம் குறைத்து அனுப்பினாலும் பரவாயில்லை. டிக்கெட் செலவை நான் பார்த்துக்கொள்கிறேன். கோட்டைப்பட்டினத்துப் பையன் ஒருவன் அடுத்த வாரம் சிங்கப்பூர் வருகிறான். அவனிடம் நெத்திலிக் கருவாடும் இறால் ஊறுகாயும் உன் சித்தி கட்டிக் கொடுத்திருக்கிறாள். ஊறுகாயில் இந்தத் தடவை காரம் தூக்கல், மோர்ச் சோற்றோடு சாப்பிடவும். என்றைக்கு விமானம் என்பதை மட்டும் தெரிவி. திருச்சிக்கு நானே வருவேன்.

இப்படிக்கு,
என்றும் உன் நலம் நாடும்
சித்தப்பா